‘இருள்வினை’ இருளில் நிகழ்கிறதா? ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் கட்டமும் கலைச்சொற் பொருத்தமும்

ஆய்வுச்சுருக்கம்

தாவரங்களின் ஒளிச்சேர்க்கை ஒளிவினை, இருள்வினை என இரு கட்டங்களாகப் பகுத்து விளக்கப்படுகிறது. இவற்றுள் ‘இருள்வினை’ என்னும் பெயர், அவ்வினை இரவில் நிகழ்வது என்ற பிழையான புரிதலுக்கு இடமளிக்கிறது. அப்பெயர் எழுந்த சூழலையும், அவ்வினை பகலொளியைச் சார்ந்திருப்பதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிச்சேர்க்கை, பசுங்கணிகம், இருள்வினை, கால்வின் சுழற்சி, ரூபிஸ்கோ, கலைச்சொல்.

முன்னுரை

அறிவியலைத் தாய்மொழியில் பயிலும் மாணவர் ஒரு கருத்தைப் பெரும்பாலும் அதன் பெயர் வழியாகவே முதலில் அறிகிறார். பெயர் தமிழில் அமைந்திருப்பின் அகராதியின் துணையின்றியே அதன் பொருளை உணர்ந்துகொள்கிறார். தமிழ்க் கலைச்சொல்லின் வலிமை இதுவே. பெயர் பொருந்தாதவிடத்து இடர்ப்பாடும் இதுவே. ‘இருள்வினை’ என்னும் சொல்லைக் கேட்கும் மாணவர், பகலில் ஒளிவினையும் இரவில் இருள்வினையும் நடைபெறுவதாகக் கருதுவது இயல்பு. தாவரத்தினுள் நிகழ்வது அதற்கு மாறானது.

பெயர் எழுந்த சூழல்

ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிளாக்மன் 1905இல் ஒளிச்சேர்க்கையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காரணிகளை ஆராய்ந்தார். மங்கிய ஒளியில் வெப்பநிலையை உயர்த்துவதால் வேகம் பெரிதும் மாறுவதில்லை. மிகுந்த ஒளியில் வெப்பநிலையை உயர்த்தினால் வேகம் கூடுகிறது. ஒளியால் நேரடியாக இயங்கும் கட்டம் ஒன்றும், வெப்பநிலைக்கேற்ப வேகம் மாறும் வேதிக்கட்டம் மற்றொன்றும் உள்ளன என்பது இதனால் புலனாயிற்று. பின்னது ஒளித்துகளை நேரடியாக ஏற்பதில்லை என்ற பொருளிலேயே ‘இருள்’ என்னும் அடை வழங்கலாயிற்று. அது காலத்தைக் குறித்த அடையன்று.

ஒளிவினை

பசுங்கணிகத்தின் தைலக்காய்டு சவ்வில் உள்ள பச்சையம் ஒளியை ஈர்க்கிறது. அவ்வாற்றலால் நீர் பிளவுற்று ஆக்சிஜன் வெளியேறுகிறது. பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள், தகுந்த எலக்ட்ரான் ஏற்பி இருப்பின், கார்பன் டை ஆக்சைடு நிலைநிறுத்தப்படாமலேயே ஆக்சிஜனை வெளியிடும் என்பதை ராபர்ட் ஹில் 1937இல் காட்டினார். அந்த ஆக்சிஜனின் மூலம் நீரே என்பதற்கு, ரூபன், கேமன் முதலியோர் 1941இல் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு சான்றளித்தனர். நீரிலிருந்து பெறப்பட்ட எலக்ட்ரான்கள் என்.ஏ.டி.பி.எச். உருவாக உதவுகின்றன, சவ்வின் உட்புறம் செறியும் புரோட்டான்கள் வெளியேறும்போது ஏ.டி.பி. உருவாகிறது.

கார்பன் நிலைநிறுத்தம்

இரண்டாம் கட்டம் பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமாவில் நிகழ்கிறது. கால்வின், பென்சன், பாஸ்ஸம் ஆகியோர் கார்பன்-14 ஐசோடோப்பைப் பயன்படுத்தி இதன் வழித்தடத்தைக் கண்டறிந்தனர்; கால்வினுக்கு 1961இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிட்டியது. ரூபிஸ்கோ என்னும் நொதி, கார்பன் டை ஆக்சைடை ஐந்து கார்பன் கொண்ட சர்க்கரைப் பாஸ்பேட்டுடன் இணைக்கிறது. அதன் விளைவாக மூன்று கார்பன் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலம் தோன்றுகிறது. மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை நிலைநிறுத்த 9 ஏ.டி.பி.யும் 6 என்.ஏ.டி.பி.எச்.சும் செலவாகின்றன. உருவாகும் ஆறு மூன்று-கார்பன் சர்க்கரைப் பாஸ்பேட்டுகளுள் ஒன்று மட்டுமே நிகர வரவாகும். எஞ்சிய ஐந்தும் சுழற்சியைத் தொடரப் பயன்படுகின்றன.

ஒளியைச் சார்ந்திருத்தல்

இக்கட்டம் ஒளியை மூன்று வகையில் சார்ந்துள்ளது.

முதலாவது, ஆற்றல் வழங்கல். ஒளி நின்றதும் ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். ஆகியவற்றின் இருப்பு விரைவில் குறைந்து சுழற்சி தடைப்படுகிறது. ஒளியை அணைத்தவுடன் பாஸ்போகிளிசரிக் அமிலம் மிகுவதையும் ஐந்து-கார்பன் ஏற்பி குறைவதையும் கால்வின் குழுவினர் கண்டனர்.

இரண்டாவது, ஸ்ட்ரோமாவின் சூழல். ஒளியில் புரோட்டான்கள் தைலக்காய்டினுள் செல்வதால் ஸ்ட்ரோமாவின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 7இலிருந்து 8ஆக உயர்கிறது. மக்னீசியம் அயனிகளும் மிகுகின்றன. ரூபிஸ்கோ செயல்பட ஏற்ற நிலை இதுவாகும்.

மூன்றாவது, நொதிகளின் கட்டுப்பாடு. ஒளிவினையில் வெளிப்படும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி தயோரெடாக்சின் என்னும் சிறு புரதத்தைச் சென்றடைகிறது. அது சுழற்சியின் சில நொதிகளில் கந்தக அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பை நீக்கி அவற்றைச் செயலூக்கம் பெறச் செய்கிறது. இருளில் அப்பிணைப்பு மீண்டும் உருவாகி நொதிகள் ஓய்கின்றன. சர்க்கரையைச் சிதைக்கும் பாதையைச் சேர்ந்த குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் பசுங்கணிகத்தில் இதற்கு நேர்மாறாக ஒளியில் ஓய்ந்து இருளில் செயல்படுகிறது. ஆக்கமும் சிதைவும் ஒருசேர நடந்து ஆற்றல் வீணாகாமல் காக்கும் ஏற்பாடு இது.

இரவில் வாயுவை ஏற்கும் தாவரங்கள்

கள்ளி, அன்னாசி, ரணகள்ளி போன்றவை இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை ஏற்கின்றன என்பது இங்கு மறுப்பாக எழலாம். ரணகள்ளியின் இலை காலையில் புளித்தும், பொழுது ஏற ஏறப் புளிப்புக் குறைந்தும் இருப்பதை, சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவைத்துப் பதிவு செய்தார். இரவில் ஏற்ற வாயு மாலிக் அமிலமாகச் சேமிக்கப்படுவதே அப்புளிப்பின் காரணம். பகலில் அவ்வமிலம் சிதைந்து வாயுவை மீண்டும் வெளியிட்ட பின்னரே ரூபிஸ்கோ அதனைச் சர்க்கரையாக்கும் சுழற்சியில் சேர்க்கிறது. எனவே இத்தாவரங்களிலும் கால்வின் சுழற்சி பகலுக்கே உரியது.

முடிவுரை

‘ஒளிசாரா வினை’ என்னும் மாற்றுப்பெயரும் மேற்கண்ட மூன்று சார்புகளையும் மறைத்துவிடுகிறது. ‘கார்பன் நிலைநிறுத்த வினை’ என்னும் பெயர் காலத்தைச் சுட்டாமல் செயலைச் சுட்டுவதால் பொருத்தமானது. பழைய சொல்லைப் பாடநூல்களில் உடனே நீக்குதல் இயலாதெனினும், அதனைக் கையாளுமிடத்து அவ்வினை பகலில் நிகழ்வது என்ற விளக்கத்தை ஒரு தொடரிலேனும் சேர்த்தல் இன்றியமையாதது.