வயதான கோழி, மெலிந்த ஓடு: 50 ரூபாய் அபராதத்தில் நிற்கும் சட்டம்

புது தில்லி: நாட்டின் முட்டை உற்பத்தி 2023-24-ஆம் ஆண்டில் 14,277 கோடியை எட்டியது. மாநிலங்களில் ஆந்திரம் முதலிடத்திலும், தமிழகம் அடுத்த இடத்திலும் இருந்தன. இந்தப் பெருக்கத்துக்குப் பின்னே அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உள்ளது. வயதான கோழியை என்ன செய்வது என்பதே அது.

18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும் கோழிக்கு வயது ஏற ஏற முட்டையின் அளவும் பெரிதாகிறது. ஆனால், ஓட்டுக்குக் கிடைக்கும் கால்சியம் அதற்கேற்பக் கூடுவதில்லை. ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் செலவாகிறது. அதே சுண்ணாம்பைப் பெரிய சுவரில் அடித்தால் பூச்சு மெலியத்தானே செய்யும்? முதுமையில் கோழியின் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறனும் குறைகிறது. பற்றாக்குறையை எலும்பிலிருந்து ஈடுகட்டும் கோழிக்கு எலும்பு பலவீனமடைகிறது. விரிசல் விழுந்த முட்டையோ பண்ணையாளருக்கு நஷ்டம்.

ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. எனவே, மெதுவாகக் கரையும் பெரிய சுண்ணாம்புக்கல் துகள்களையோ கிளிஞ்சலையோ மாலைத் தீவனத்தில் சேர்ப்பது பலன் தரும். ஆனால், முதுமையை அது முற்றிலும் ஈடுசெய்யாது.

பட்டினி வழி

இதற்குச் சில பண்ணைகள் கண்ட குறுக்கு வழி, கோழிகளைப் பல நாள்கள் பட்டினி போட்டு இறகுகளை உதிரச் செய்வது. முட்டையிடுவது சில வாரங்கள் நின்று, கருப்பாதை ஓய்வு பெறுகிறது. மீண்டும் இடும் முட்டைகளின் ஓடு உறுதியாக உள்ளது. ஆனால், இது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-இல் அறிவுறுத்தியது. முட்டைக் கோழிகளின் வளர்ப்பு முறை குறித்து சட்ட ஆணையமும் 2017 ஜூலையில் தனது 269-ஆவது அறிக்கையை அளித்தது.

ஆயினும், அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. இதை உயர்த்துவதற்கான வரைவுத் திருத்தத்தை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது.

தவிடு மிகுந்த, சத்துக் குறைந்த தீவனம் தந்தே இறகு உதிரச் செய்யும் முறையும் உண்டு. பட்டினிக்கு அவசியமே இல்லை. விலங்கு வதைத் தடுப்பு அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலிலும், கால்நடைப் பராமரிப்பு மாநிலப் பட்டியலிலும் உள்ளன. எனவே, தில்லி சட்டத்தைத் திருத்தினாலும், அது பண்ணையின் வாசலை எட்டுவது மாநில அரசுகளின் கையில்தான் உள்ளது.