தாளிக்க ஒரு கரண்டி

அமரவிளை, பாறசாலை, களியிக்காவிளை: வழியில் கேரளம் முடிந்து தமிழ்நாடு வந்தாலும் அடுப்படி எண்ணெய் மாறாது. அவியலுக்கும் மீன்கறிக்கும் ஏத்தங்காய் சிப்ஸுக்கும் தேங்காய் எண்ணெய்தான். மாரடைப்புக்கு அதுவே காரணம் என்பாரும் உண்டு. சர்வரோக நிவாரணி என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவாரும் உண்டு. இரண்டும் மிகை.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி, நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். இந்தக் கொழுப்பு மிகுந்தால், ரத்தத்தில் திரியும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் துகள்களைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் குறையும். பிடிபடாத எல்.டி.எல். தமனிச் சுவரில் படியும்.

தேங்காய் எண்ணெயில் பாதியளவு உள்ள லாரிக் அமிலம் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பார்கள். ஆனால் அப்படிப் போவன 8, 10 கார்பன் அமிலங்கள். லாரிக்குக்கு 12 கார்பன். அதன் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகளைப் போல நிணநீர் வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது.

16 சோதனைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2020இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்தது. சூரியகாந்தி போன்ற எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய், டெசிலிட்டருக்கு எல்.டி.எல்.லைச் சுமார் 10 மி.கி., எச்.டி.எல்.லை 4 மி.கி. உயர்த்தியது. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லும் கூடுகிறதே என்று மகிழ வேண்டாம். மருந்தால் எச்.டி.எல்.லை உயர்த்திய சோதனைகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை.

தேங்காய் எண்ணெய்க்காக வாதாடுவோர் காட்டுவது கொச்சி அம்ருதா மருத்துவமனைச் சோதனை. இதய நோயாளிகள் 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெயும் மறுபாதிக்குச் சூரியகாந்தி எண்ணெயும் 2 ஆண்டு கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவில் இரு பாதிக்கும் இடையே கொலஸ்ட்ராலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நேர்மையான சோதனைதான். ஆனால் அவர்கள் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையும் உட்கொண்டு வந்தவர்கள். மாத்திரை போடாதவருக்கு அந்த முடிவு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

எண்ணெயைக் குறைத்த இடத்தில் எது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சோறும் மரச்சீனிக் கிழங்கும் கூடினால் ட்ரைகிளிசரைடு ஏறும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது எந்த எண்ணெயானாலும் கேடு.

2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையாவது கையைக் கட்டட்டும். தாளிப்புக்கு ஒரு கரண்டி போதும்; மற்றச் சமையலுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாக ஊற்றுங்கள். எல்.டி.எல். கூடியிருந்தால் எண்ணெயை மாற்றியதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.