நெடுந்தூரச் சாரதியின் சாப்பாட்டுச் செலவு: வரியில் கழிக்கலாம், ஆதாரம் கையில் இருக்கட்டும்

ஸ்காபரோவிலிருந்து ஞாயிறு மாலை 6 மணிக்கு ஹலிஃபக்ஸுக்கு ட்ரக்கை எடுக்கிற சாரதி, வெள்ளி மாலை 6 மணிக்குத்தான் திரும்பி வருகிறார். இடையில் ட்ரக் ஸ்டொப்புகளில் சாப்பிட்டதெல்லாம் சொந்தக் காசு. இந்தச் செலவில் பெரும்பகுதியை வருமானத்திலிருந்து கழிக்கக் கனடாவின் வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கனடா வருவாய் முகமை (சி.ஆர்.ஏ.) தோண்டத் தொடங்கிவிடும் என்ற பயத்தில் கேட்காமலே விடுபவர்கள் எங்கள் ஆட்களில் இருக்கிறார்கள். வரி செய்து கொடுப்பவர் போட்ட தொகை எப்படி வந்தது என்று கேட்காமல் கையெழுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நட்டம்தான்.

போக்குவரத்தே முக்கிய தொழிலாக உள்ள நிறுவனத்தில், அதாவது ட்ரக், பஸ், ரயில், விமானம் போன்றவற்றில், சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கழிவு உண்டு. வேலை காரணமாக அடிக்கடி நிறுவனத்தின் நகர வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டும். அங்கே சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தாங்களே செலவழிக்க வேண்டும். மிசிசாகாவில் ஏற்றி மார்க்கத்தில் இறக்கும் உள்ளூர் டெலிவரிக்கு இது பொருந்தாது. ஒரு நாளில் 10 மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டமென்றால், காலையும் இரவும் மற்றவர்களைப் போல வீட்டில் சாப்பிடுவீர்கள் என்பது சி.ஆர்.ஏ.யின் எதிர்பார்ப்பு. மதியச் சாப்பாடு ஒன்றை மட்டும் எழுதலாம்.

பொதுவாகச் சாப்பாட்டுச் செலவில் 50 விழுக்காட்டைத்தான் கழிக்க முடியும். நெடுந்தூர ட்ரக் சாரதிகளுக்கு அது 80 விழுக்காடு. வாகனத்தின் மொத்த எடைத் தகுதி 11,788 கிலோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தை விட்டுத் தொடர்ந்து 24 மணி நேரமாவது வெளியே இருந்து, 160 கிலோமீட்டருக்கு அப்பால் சரக்கு கொண்டுபோயிருக்க வேண்டும், அல்லது அங்கிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

கணக்கிடப் பலரும் எடுப்பது சுலப முறை. ஒரு வேளைக்கு 23 டொலர். 2020 வரியாண்டிலிருந்து இந்த வீதம், அதற்கு முன் 17. சாப்பாட்டுப் பற்றுச்சீட்டு தேவையில்லை, பயணப் பதிவு (லொக்) தேவை. புறப்பட்ட நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு ஒரு வேளை, 24 மணி நேரத்துக்கு மூன்று வேளைக்கு மேல் இல்லை.

பிழை நடப்பது இந்த இடத்தில்தான். ஹலிஃபக்ஸ் ஓட்டத்தை நாட்காட்டியில் எண்ணினால் ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள், 18 வேளை, 414 டொலர். சி.ஆர்.ஏ. நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, புறப்பட்ட மணியைப் பார்க்கிறது. ஞாயிறு மாலை 6 முதல் வெள்ளி மாலை 6 வரை 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள், 15 வேளை, 345 டொலர். அதில் 80 விழுக்காடு 276. வருடத்தில் இப்படி 40 ஓட்டம் என்றால் கழிவு 11,040 டொலர். இது கையில் வரும் காசு அல்ல, வருமானத்திலிருந்து குறையும் தொகை. அந்த வருமானத்துக்கு உங்கள் வரி வீதம் 30 விழுக்காடு என்றால் மிச்சம் 3,312 டொலர். ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

நிறுவனம் சாப்பாட்டுக்கு வரியில்லாத படி தந்தால் அந்தத் தொகையைக் குறைத்துத்தான் எழுத வேண்டும். கபினில் படுத்துறங்குகிறவர்கள் ட்ரக் ஸ்டொப்பில் காசு கொடுத்துக் குளித்த செலவையும் தங்குமிடச் செலவாகக் காட்டலாம், அதற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம். கனடாவுக்குள் செய்த செலவில் அடங்கிய விற்பனை வரியான எச்.எஸ்.ரி.யில் ஒரு பகுதியை ஜி.எஸ்.ரி.370 படிவத்தால் திரும்பப் பெறவும் வழி உண்டு. வரி செய்பவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, சாப்பாட்டையும் தங்குமிடச் செலவையும் கோரும் ரீ.எல்.2 படிவம். அதில் முதலாளி கையெழுத்திட வேண்டும். வரிக் கணக்குடன் அனுப்பத் தேவையில்லை. கேட்டால் காட்ட வேண்டும். படிவத்துடன் லொக்கையும் கேட்பார்கள். நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: நிறுவனம் தினசரி லொக்கை 6 மாதம் வைத்திருந்தால் போதும் என்கிறது சாரதிகளின் வேலை நேர ஒழுங்குவிதி. ஆனால் நீங்கள் வரி ஆவணங்களை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து சி.ஆர்.ஏ. கடிதம் வரும்போது கம்பனியிடம் எதுவும் இல்லாமல் போகலாம், கம்பனியே இல்லாமலும் போகலாம். மின்னணு லொக் என்றாலும் மாதாமாதம் பிரதி எடுத்து உங்கள் ஈமெயிலில் சேருங்கள். வேலையை விடும்போது ரீ.எல்.2-இல் கையெழுத்து வாங்காமல் விலகாதீர்கள்.

சொந்த ட்ரக் வைத்துச் சுயதொழிலாக ஓடுகிறவர்களுக்கு ரீ.எல்.2 இல்லை. அவர்கள் ரீ2125 படிவத்தில் தொழிற்செலவாகக் காட்ட வேண்டும். "உன் பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொண்டு வா, வரி பிடிக்காமல் முழுக் காசும் தருகிறோம்" என்று சில நிறுவனங்கள் பேசுவது இதற்குள் அடங்காது. ட்ரக் நிறுவனத்துடையது, நேரமும் பாதையும் நிறுவனம் சொல்வது என்றால், சி.ஆர்.ஏ. உங்கள் கம்பனியைத் தனிநபர் சேவை வணிகம் என்று தீர்மானிக்கலாம். அப்போது சாப்பாட்டுக் கழிவு உட்படப் பெரும்பாலான செலவுகள் அடிபட்டுப் போகும். சிறுதொழில் வரிச் சலுகை கிடையாது, கூட்டரசு வரி மட்டும் 33 விழுக்காடு. விடுமுறைச் சம்பளமும் வேலையிழப்புக் காப்புறுதியும் ஏற்கெனவே போயிருக்கும். புதிதாக வந்து லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளை இதற்குள் தள்ளுவது அநியாயம். மாகாண எல்லை தாண்டும் நிறுவனங்களில் தொழிலாளியைத் தவறாக வகைப்படுத்துவதைக் கனடா தொழிற்சட்டம் தடைசெய்கிறது. 2024 ஜூன் 20 முதல், தொழிலாளி அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. கூட்டரசின் தொழிற்திட்டத்துறையில் (Labour Program) முறையிடலாம்.

பழைய ஆண்டுகளில் கேட்காமல் விட்டிருந்தால், ஆதாரம் இருக்குமானால், 10 ஆண்டு வரை பின்னோக்கித் திருத்தம் கேட்கலாம். ஓடாத ஓட்டத்தை மட்டும் எழுதவேண்டாம். தெரிந்தே பொய்க் கணக்குக் காட்டினால் குறைத்த வரியில் 50 விழுக்காடு தண்டம். யார் நிரப்பிக் கொடுத்தாலும் கணக்குக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

சி.ஆர்.ஏ. உங்கள் கழிவை மறுத்தால் அது முடிவல்ல. மறுமதிப்பீட்டு அறிவித்தலின் தேதியிலிருந்து 90 நாள், அல்லது அந்த வரிக் கணக்கின் கடைசித் தேதியிலிருந்து ஒரு வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆட்சேபனை தெரிவிக்கலாம். அங்கும் மறுத்தால் வரி நீதிமன்றம் இருக்கிறது. சர்ச்சைக்குரிய கூட்டரசு வரியும் தண்டமும் ஓர் ஆண்டுக்கு 25,000 டொலருக்குள் என்றால் வழக்கறிஞர் இல்லாமலே எளிய நடைமுறையில் வாதாடலாம். ஆகவே வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்: சாரதி ஓட்டத்தில் இருந்தாலும் சி.ஆர்.ஏ. கடிதம் வந்த அன்றே பிரித்து, படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.