கடலைத் திட்டுமுன் கணினியைக் கேளுங்கள்

அந்தமானின் ஷாதிபூரில் நெட் நின்றால் பழி முதலில் கடல்மேல் விழும். விழாதா பின்னே? அது இருக்கும் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் போகிறது. ஸ்வராஜ் தீவு, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 2,300 கி.மீ.; 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்தார்கள். ஆனால் கோளாறு பல நேரம் நம் அறைக்குள்ளேயே இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

டெர்மினலைத் திறந்து ‘ஐபி ஏ’ கட்டளையைக் கொடுங்கள். வைஃபைக்கு நேரே 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால், பெரும்பாலும் ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டது என்று கொள்ளலாம். எண்ணே இல்லையா? லேப்டாப்பில் வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ அதைச் சொல்லிவிடும்.

அடுத்தது பிங். ஒரு முகவரிக்குக் கேள்வி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும்; 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி நிரல். இன்றும் இதை மிஞ்ச ஆளில்லை. முதலில் ரவுட்டருக்கு, பிறகு இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்கு, கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கும். நெட்வொர்க் அமைப்பில் வேறு டிஎன்எஸ் எண்ணைப் போட்டால் சரியாகும்.

பிங் காட்டும் நேரம்தான் எனக்குப் பிடித்த பகுதி. கேபிள் வருமுன் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கினால் 1,44,000 கி.மீ.; ஒளி வேகத்திலேயே 480 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் போகும் சென்னையோ நேர்க்கோட்டில் 1,400 கி.மீ.க்குள்தான். இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கி.மீ. ஓடுவதால், போய்வர 14 மில்லிசெகண்ட் போதும். நடுவிலுள்ள கருவிகள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே 600 என்று காட்டினால் உடனே கடலைப் பார்க்காதீர்கள். ரவுட்டருக்கான பிங்கே 5, 300, 40 என்று தாவினால் வைஃபை சிக்னல்தான் சரியில்லை. ஒரு கேபிளை நேராகச் செருகிப் பாருங்கள். ரவுட்டர் வரை ஒழுங்காக இருந்து, அதற்கப்பால் நேரம் எகிறி, கடைசிவரை இறங்காவிட்டால் சிக்கல் வெளியே. ‘எம்டிஆர்’ கட்டளை வழியிலுள்ள ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் வரிசையாகக் காட்டும். அந்த வரிகளைப் புகாரோடு இணைத்து அனுப்புங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்பார்கள்.