376 எப்படி வந்துச்சு?

திரையில ஒரு கணக்கு இருக்கு பாருங்க. 402-ல 178 போனா எவ்வளவு? அஞ்சாவது படிக்கிற பையன் போட்ட விடை 376.

பார்த்ததும் நமக்குக் கை துறுதுறுங்கும். சிவப்புப் பேனாவால சுழிச்சு, "கவனமா போடக் கூடாதா"ன்னு சொல்லிட்டு, நாமே போட்டுக் காட்டிடுவோம். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர்னு தாம்பரத்தைச் சுத்தி ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்கிறவங்க எத்தனையோ பேர். ரயில்வேயோ, ஏர்ஃபோர்ஸோ, பேங்கோ, எங்க வேலை பார்த்திருந்தாலும் சரி, சாயங்காலம் நாலு பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம்னு நெனைக்கிறீங்கன்னா, இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

அந்தப் பையன் கவனமாத்தான் போட்டிருக்கான். ஒன்றாம் இடத்துல 2-ம் 8-ம். 2-ல 8 போகாது, அதனால 8-ல 2 போனா 6. பத்தாம் இடத்துல 0-ல 7 போகாது, 7-ல 0 போனா 7. நூறாம் இடத்துல 4-ல 1 போனா 3. மூணு இடத்துலயும் பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணைக் கழிச்சிருக்கான். அவன் பிடிச்சுக்கிட்ட விதிதான் தப்பு. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லயே இதைப் பத்தி எழுதியிருக்காங்க. பிள்ளைங்க கழித்தல்ல விடுற பல தப்புகள் கண்டபடி வர்றதில்ல, மனசுல ஒரு தப்பான வழிமுறை உட்கார்ந்திருக்கு, அதையே திரும்பத் திரும்பச் செய்யுதுங்கன்னு காட்டினாங்க.

அதனால பேனாவைக் கீழே வெச்சுட்டு, "இது எப்படிப்பா வந்துச்சு? தாத்தாவுக்குச் சொல்லு"ன்னு கேளுங்க. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க. வகுப்பு நிறைய பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள பாடத்தை முடிக்க வேண்டிய டீச்சரால இதை ஒவ்வொருத்தன்கிட்டயும் செய்ய முடியாது. உங்களால முடியும். நம்மகிட்ட இருக்கிற பெரிய சொத்தே இந்த நேரம்தான்.

அவன் சொன்னதுக்கு அப்புறம் காசை எடுங்க. நாலு நூறு ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா நாணயம். "இதுல இருந்து 178 ரூபா எனக்குக் கொடு." கையில பத்து ரூபாயே கிடையாது, திணறுவான். "சில்லறை மாத்திக்கோ"ன்னு சொல்லுங்க. ஒரு நூறு பத்துப் பத்தாகும், அதுல ஒரு பத்து, பத்து ஒத்த ரூபாயாகும். இப்போ 3 நூறு, 9 பத்து, 12 ஒண்ணு இருக்கு. எண்ணிக் கொடுத்துட்டா மிச்சம் 224. அந்த 9 எங்கிருந்து வந்துச்சுன்னு அவன் வாயாலயே சொல்லணும். அதுக்கு அப்புறம் கணக்கு நோட்டுக்குப் போங்க.

பெரிய வகுப்புப் பிள்ளை அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு எழுதினாலும் இதே வழிதான். அரை லிட்டர் பாலோட இன்னும் கொஞ்சம் ஊத்தினா அரை லிட்டரை விடக் குறையுமான்னு கேட்டுட்டுச் சும்மா இருங்க.

தப்பைத் திருத்தினா மட்டும் போதாது, கணக்கு மேல ஆசையும் வரணும். அதுக்கு ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். பி.கே. சீனிவாசன், 1924-ல பிறந்தவர். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில கணக்கு வாத்தியார். கணித மேதை ராமானுஜனைப் பத்தின கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-ல புத்தகமா கொண்டுவந்தவர். எழுபதை நெருங்கின வயசுல, 1993-ல, ராயபுரத்துல ராமானுஜன் பேர்ல ஒரு அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் ஆரம்பிச்சார். 2005-ல காலமானார். மாதக் காலண்டரை மட்டும் வெச்சுக்கிட்டே பிள்ளைங்களுக்கு என்னென்ன காட்டலாம்னு ஒரு புத்தகமே எழுதியிருக்கார். இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய மனுஷர்.

நீங்களும் காலண்டர்ல ரெண்டுக்கு ரெண்டா ஒரு கட்டம் போடுங்க. மேல 8, 9. கீழ 15, 16. குறுக்கே கூட்டினா 8-ம் 16-ம் 24, 9-ம் 15-ம் 24. சரி, குறுக்கே பெருக்குங்க. 128, 135. வித்தியாசம் 7. வேற கட்டம், வேற மாசம், எங்க போட்டாலும் 7. "ஏன் தாத்தா 7?"னு கேள்வி வரும். வந்ததும் பதில் சொல்லிடாதீங்க, ரெண்டு நாள் ஊறட்டும். ஆறாவது படிக்கிறவ வாரத்துக்கு ஏழு நாள்ங்கிற வரைக்கும் வந்துடுவா. எட்டாவது படிக்கிறவன் முதல் எண்ணை எக்ஸ்னு வெச்சு விரிச்சுப் பார்த்தா, எக்ஸ் எல்லாம் அடிபட்டுப் போய் 7 மட்டும் நிக்கும். இயற்கணிதம் எதுக்குன்னு அன்னைக்குத்தான் அவனுக்குப் புரியும்.

பிள்ளையோட பாடப் புத்தகத்தை முதல்ல நீங்க படிச்சுடுங்க. நாம படிச்ச புத்தகம் இல்ல இது. ஒரே தெருவுல ஒரு பிள்ளை மீச்சிறு பொது மடங்குன்னு படிக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்.சி.எம்.னு படிக்கும். ரெண்டும் நமக்குத் தெரியணும். எந்த வகுப்புங்கிறதை வெச்சு அளக்கவும் வேண்டாம். 2022-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல சின்ன வகுப்புப் பிள்ளைங்களையே அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுத்தான் சொல்லித் தர்றாங்க. ஏழாவது படிக்கிறவனுக்கு வகுத்தல் வரலைன்னா வகுத்தல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அவன் கூச்சப்படுவான், அதனால மத்தவங்க முன்னாடி அதைச் சொல்லாதீங்க.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு கஷ்டம் உண்டு. மழை. 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பெருமழை இல்லாத வருஷத்துலயும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை விடுமுறை வரும், அரையாண்டுத் தேர்வும் அதை ஒட்டியே வரும். கணக்குல ஒரு படி விட்டா அடுத்த படி ஏற முடியாது. அந்த மூணு மாசம் ஒரே மாடியில, ஒரே அப்பார்ட்மென்ட்ல இருக்கிற பிள்ளைங்களைச் சேர்த்து உட்கார வெச்சுடுங்க. தண்ணி நின்னாலும் வகுப்பு நிக்காது.

எத்தனை பேர்னு கேட்டா, நாலஞ்சு போதும். 2021-ல அரசு தொடங்கின இல்லம் தேடிக் கல்வி திட்டத்துல தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் எடுத்தாங்க. அந்த அளவு போதும், அதுக்கு மேல பிள்ளை தாங்காது. அப்பா அம்மாகிட்ட நேர்ல பேசிச் சம்மதம் வாங்குங்க. வாசல் கதவு திறந்தே இருக்கட்டும், ஹால்லயோ வராண்டாவுலயோ நாலு பேர் பார்க்கிற இடத்துல உட்காருங்க. முதல் நாள் டெஸ்ட் வைக்க வேண்டாம். பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, சிவப்புச் சுழி இருக்கிற பக்கமா பார்த்துத் திறங்க. ஒவ்வொரு சுழியிலயும் அது எப்படி வந்துச்சுன்னு கேட்டு, பிள்ளை சொல்றதை அப்படியே ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. அடுத்த ஒரு மாசத்துக்கு என்ன சொல்லித் தரணும்னு அந்தப் பேப்பர்லயே இருக்கும்.