எழுத்து ஏன் பெருத்தது?

லினக்ஸ் கணிப்பொறியை வகுப்பறைத் தொலைக்காட்சியுடன் இணைக்கிறீர்கள். திரையில் எழுத்துகள் மும்மடங்கு பெருத்துத் தோன்றுகின்றன. 'சரி' என்னும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் சற்றுப் பொறுங்கள்.

எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்னும் அலகால் குறிக்கிறோம். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். எனவே 12 பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. திரையோ புள்ளிகளால் ஆனது. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் எனக் கொண்டால் அந்த எழுத்துக்கு 16 புள்ளிகள் போதும்.

திரை தன் நீள அகலத்தைக் கம்பி வழியே கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. சில திரைகள் உண்மை அளவுக்குப் பதிலாக 16:9 என்னும் விகிதத்தையே 16 செ.மீ., 9 செ.மீ. என்று தந்துவிடுகின்றன! 16 செ.மீ.க்குள் 1920 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 305. இதை நம்பும் மென்பொருள் அதே எழுத்தை 51 புள்ளிகளில் வரைகிறது.

சோதிப்பது எளிது. கட்டளைச் சாளரத்தில் 'எக்ஸ்ராண்டர்' கட்டளையை இடுங்கள். திரையின் பெயருக்கு எதிரே மில்லிமீட்டர் அளவு தோன்றும். அளவுகோலால் திரையை அளந்து ஒப்பிடுங்கள். அளவு தவறானால், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றின் எழுத்துரு அமைப்பில் டிபிஐ மதிப்பை 96 என நிலைநிறுத்தி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அளவு சரியானால், உருப்பெருக்கம் 200 விழுக்காடாக உள்ளதா என்று பாருங்கள். பொத்தான் எட்டவில்லையா? ஆல்ட் அல்லது விண்டோஸ் சின்ன விசையை அழுத்தியபடி சாளரத்தை இழுங்கள்.

அளவு பிழையானால், கணக்கு சரியானாலும் விடை பிழையே. ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடம் இங்கும் பொருந்துகிறதல்லவா?