கூலர் லொறி வாங்கும் முன்

பால், யோகட், ஐஸ்கிரீம், கோழி இறைச்சி ஏற்றிக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலில் இறங்கலாமா என்று நம்ம இளைஞர் சிலர் யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்பாவின் சேமலாபப் பணத்தைப் போட்டு லீசிங்கில் லொறி எடுக்கும் முன் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கூலர் லொறி சாமானைக் குளிராக்குவதற்கு அல்ல. ஏற்கெனவே குளிரான சாமானை அதே குளிரில் காப்பதற்கே. கறந்த பால் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். கேனோடு அப்படியே ஏற்றினால் அது குளிர்வதற்குள் கிருமி பெருகிவிடும். முதலில் பால் நிலையத்தில் 4 பாகைக்குக் குளிராக்கி, அதன் பிறகே ஏற்ற வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. எதை ஏற்றப் போகிறீர்கள்? பால், யோகட்டுக்கு 4 பாகை போதும். ஐஸ்கிரீமுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை வேண்டும். அதற்குத் தடித்த சுவரும் பலமான இயந்திரமும் தேவை. பாலுக்குச் செய்த பெட்டி ஐஸ்கிரீமுக்கு உதவாது.

2. சிறிய லொறிகளில் குளிர் இயந்திரம் பெரும்பாலும் லொறி எஞ்சினாலேயே ஓடும். எஞ்சின் நின்றால் குளிரும் நிற்கும். நிறுத்திவைக்கும்போது கரண்டில் ஓட்டும் வசதி உண்டா என்று கேளுங்க.

3. பழைய லொறியென்றால், பகலில் ஒருவர் பெட்டிக்குள் நிற்க, மற்றவர் வெளியிலிருந்து கதவை மூடிப் பார்க்கட்டும். உள்ளே வெளிச்சம் தெரிந்தால் கதவு ரப்பர் பழுது. குளிர் அந்த வழியாகத்தான் போகும்.

வாங்கிய பிறகு பராமரிப்பு:

கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. இங்கேயும் அப்படித்தான். பெட்டிகளைச் சுவரோடும் கூரையோடும் நெருக்கி அடுக்காதீங்க. குளிர்காற்று சுற்றிவர இடம் விடுங்க. ஏற்றுவதற்கு முன் வெறும் பெட்டியைக் குளிரவிடுங்க. ஒவ்வொரு கடையிலும் சாமானை இறக்கியதும் கதவை மூடிவிடுங்க.

தினமும் உட்புறத்தையும் கதவு ரப்பரையும் கழுவிக் காயவிட வேண்டும். தண்ணீர் வடியும் துளையில் அடைப்பு இருக்கக்கூடாது. வெளியிலுள்ள குளிர் இயந்திரத்தின் தகடுகளில் தூசு படிந்தால் குளிர் குறையும், டீசல் கூடும். பெல்ட்டையும் அடிக்கடி பாருங்க. பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்து, ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளவைக் கொப்பியில் எழுதுங்க. குறை வந்தால் அந்தக் கொப்பியே சாட்சி.

சாமான் கெட்டால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். லீசிங் தவணையை அப்படித் திருப்பி அனுப்ப முடியாது.